நிக்ஸி கடிகாரத்துக்கு 180 வோல்ட்: ஒரு டிவி மெக்கானிக் செய்த விதம்

அக்கா மகன், எண்களை ஒளியில் காட்டும் ஆறு நிக்ஸி குழாய்களைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "மாமா, இதுக்கு 180 வோல்ட் டிசி வேணுமாம். பண்ணித் தர முடியுமா?" இருபத்தைந்து வருடம் பிக்சர் டியூப் டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். இருபத்தைந்தாயிரம் வோல்ட்டோடு குடித்தனம் நடத்தியவனிடம் 180 வோல்ட் கேட்கிறானே என்று சிரிப்பு வந்தது. ஒரு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டேன். பதினோரு நாள் ஆனது.

வோல்டேஜைக் கொண்டுவருவதில் கஷ்டம் இல்லை. பார்க்க ஒன்றுபோல இருந்து வேலையில் வேறாக இருக்கும் நாலைந்து பொருள்கள்தான் நாளைத் தின்றன. நீங்கள் அந்தப் பதினோரு நாளைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் குழாயைப் பற்றி. என்னிடம் வந்தவை ஐஎன்-12, சோவியத் காலத்துச் சரக்கு. கண்ணாடிக்குள் நியான் வாயு, பத்து எண்களின் வடிவில் பத்து கம்பிகள், முன்னால் வலை போன்ற ஒரு ஆனோடு, அதாவது பிளஸ் முனை. இழை கிடையாது, அதனால் சூடும் அவ்வளவாக இல்லை. எந்த எண்ணின் கம்பியை கிரவுண்டோடு, அதாவது மைனஸ் பக்கத்தோடு, சேர்க்கிறோமோ அதைச் சுற்றி ஆரஞ்சு ஒளி படரும். இந்த வகைக் குழாயை 1955இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐஎன்-12இல் 5 என்ற எண்ணை உற்றுப் பாருங்கள், 2ஐத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். அச்சு ஒன்றை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள் போல. எனக்கு அந்தச் சிக்கனம் பிடித்திருக்கிறது.

குழாய் பற்றிக்கொள்ள 170 வோல்ட் வரை தேவைப்படலாம். பற்றிய பிறகு அதற்குக் குறுக்கே சுமார் 140 வோல்ட்தான் நிற்கும். மீதியை ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் கட்டுக்கடங்காமல் ஓடிக் குழாய் போய்விடும். 180இல் 140 போனால் 40. அதை 15 கிலோ ஓமால் வகுத்தால் 2.7 மில்லிஆம்பியர் சொச்சம். ஐஎன்-12க்கு 2.5 முதல் 3.5 வரை சரியான அளவு. ஆகவே ஒவ்வொரு குழாய்க்கும் ஆனோடில் தனித்தனியாக ஒரு 15 கிலோ ஓம். ஆறுக்கும் சேர்த்து ஒன்று போட்டால் முதலில் பற்றும் குழாய் வோல்டேஜை இறக்கிவிடும், மற்றவை பற்றாமல் முழிக்கும். ஆறு குழாய்க்கு மொத்தம் 16 மில்லிஆம்பியர், கிட்டத்தட்ட 3 வாட். செல்போன் சார்ஜரை விடச் சின்ன வேலை.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். வீட்டு கரண்டே 230 வோல்ட் இருக்கிறதே, நாலு டயோடு போட்டு நேராக எடுத்தால் என்ன என்று. வேண்டாம். 230 ஏசியை நேராக டிசி ஆக்கினால் 325 வோல்ட் வரும், அது பெரிய விஷயமில்லை. கடிகாரத்தின் கிரவுண்டே மெயின்ஸோடு ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் விஷயம். மணி திருத்தப் பட்டனைத் தொடுகிறவன் லைனைத் தொடுகிறான். நல்ல 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். மெயின்ஸை உங்களிடமிருந்து பிரித்து வைப்பது அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்தான். அதற்குப் பிறகு வருவதெல்லாம் நம் பொறுப்பு.

12ஐ 180 ஆக்குவது எப்படி? பழைய ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பிளாட்டினம் பாயிண்ட் பிரிகிற நொடியில்தான் பிளக்கில் பொறி அடிக்கும். காயிலில் ஓடுகிற கரண்டைத் திடீரென்று வெட்டினால் அது நிற்க மறுக்கும். போக வழி தேடி வோல்டேஜைத் தூக்கிக்கொள்ளும். இங்கே பாயிண்டுக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச். அது காயிலை கிரவுண்டோடு சேர்க்கும், 17 மைக்ரோசெகண்டில் கரண்ட் 2 ஆம்பியர் வரை ஏறும், உடனே மாஸ்ஃபெட் மூடும், காயில் தன் சக்தியை டயோடு வழியாக கண்டென்சரில் கொட்டும். விநாடிக்கு 50 ஆயிரம் தடவை இப்படி. கண்டென்சரில் 180 சேர்ந்ததும், மாஸ்ஃபெட்டை ஆட்டிவைக்கும் ஐசி நிறுத்திக்கொள்ளும், குறைந்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

நான் எடுத்த ஐசி எம்சி34063. எட்டுக் கால், எங்கும் கிடைக்கும், விலை டீ பன் கணக்கு. இதைவிட நல்ல ஐசிகள் இருக்கின்றன. எம்ஏஎக்ஸ்1771 போட்டால் சூடும் குறையும், மாஸ்ஃபெட்டை ஓட்டத் தனி ஏற்பாடும் வேண்டாம். 555 என்ற டைமர் ஐசியிலும் செய்கிறார்கள். ஆனால் பழுதானால் பக்கத்துக் கடையில் கிடைக்கிற பொருளைத்தான் மெக்கானிக் மனசு தேடும்.

இணைப்பைச் சொல்கிறேன், கையில் பேப்பர் பென்சிலோடு படியுங்கள். 12 வோல்ட் வரும் வழியில் முதலில் 1 ஆம்பியர் ஃபியூஸ், அதன் பிறகு கிரவுண்டுக்கு 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கண்டென்சர், அதன் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட். ஆறாம் காலுக்கு 12 வோல்ட், நான்காம் கால் கிரவுண்ட். ஒன்றையும் எட்டையும் சேர்த்து ஆறோடு கட்டுங்கள். மூன்றாம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 680 பைக்கோஃபாரட். அந்த 17 மைக்ரோசெகண்டை முடிவு செய்வது இதுதான். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே 0.15 ஓம், 1 வாட். அதில் 0.3 வோல்ட் விழுந்ததும் ஐசி கரண்டை வெட்டும், அதாவது 2 ஆம்பியரில். எனக்கு 0.15 கிடைக்கவில்லை, இரண்டு 0.33ஐப் பக்கம் பக்கமாகப் போட்டேன், அதுவும் சரி. ஏழாம் காலிலிருந்து காயில் கிளம்பி மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்குப் போகும். மாஸ்ஃபெட் ஐஆர்எஃப்740, அதன் மூன்று கால்களில் டிரெயினும் சோர்ஸும் சுவிட்சின் இரு முனைகள், கேட் அதைத் திறந்து மூடும் கால்; சோர்ஸ் கிரவுண்டில். டிரெயினிலிருந்து டயோடு, டயோடின் வெள்ளைக் கோட்டுப் பக்கத்தில் 4.7 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் கண்டென்சர். அங்கேதான் நம் 180. இரண்டாம் காலும் ஐந்தாம் காலும் பின்னால் வரும்.

காயிலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், என்னை மூன்று நாள் அலைக்கழித்தது அதுதான். தேவை 100 மைக்ரோஹென்றி. கடையில் கேட்டதும் ரெசிஸ்டர் மாதிரியே கலர் கோடு போட்ட ஒன்றைக் கொடுத்தார்கள். மீட்டரில் அளந்தால் 100 மைக்ரோஹென்றி சரியாகக் காட்டுகிறது. போட்டேன். லோடு இல்லாமல் 180 வந்தது. இரண்டு குழாயைக் கட்டியதும் 110க்கு இறங்கி, காயில் மேல் பூச்சு கருக ஆரம்பித்தது. விஷயம் இதுதான்: அந்தச் சின்ன ஃபெரைட் துண்டு அரை ஆம்பியருக்குள்ளேயே காந்தத்தால் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு அது காயில் இல்லை, வெறும் கம்பி. 2 ஆம்பியர் ஏற வேண்டிய இடத்தில் அதனிடம் சக்தியைச் சேமிக்கச் சொன்னால் சூடுதான் மிஞ்சும். அப்புறம் ஒரு பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இருந்த மஞ்சள் வெள்ளை வளையத்தைப் பிரித்துச் சுற்றிப் பார்த்தேன். வேலை செய்தது, ஆனால் அந்த இரும்புத்தூள் வளையமும் கொதித்தது. இவ்வளவு வேகமான ஏற்ற இறக்கத்துக்கு அது ஆகாது. கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனபோது, கறுப்பு ஸ்லீவ் போட்ட டிரம் கோர் காயில், 100 மைக்ரோஹென்றி 3 ஆம்பியர், கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று கிடைத்தது. கேட்கும்போது மைக்ரோஹென்றியை மட்டும் சொல்லாதீர்கள், ஆம்பியரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டயோடும் அதே கதைதான். 1என்4007ஐயும் யூஎஃப்4007ஐயும் பக்கத்தில் வைத்தால் எழுத்தைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். இரண்டும் 1 ஆம்பியர், 1000 வோல்ட். ஆனால் 1என்4007, 50 சைக்கிள் மெயின்ஸுக்குப் பிறந்தது. வழியை மூடச் சொன்னால் மெதுவாக மூடும், அதற்குள் கண்டென்சரில் கொட்டியதில் ஒரு பங்கு காயிலுக்கே திரும்பி ஓடிவிடும். யூஎஃப்4007 75 நானோசெகண்டில் மூடிவிடும். டிவி போர்டில் இந்தத் தப்பை நான் ஒருநாளும் செய்ததில்லை. இங்கே சின்ன சர்க்யூட்தானே என்ற அலட்சியத்தில் டப்பாவிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் போட்டேன்.

மாஸ்ஃபெட்டின் கேட்டை ஓட்டுவது மூன்றாவது பள்ளம். இரண்டாம் காலை நேராக கேட்டுக்குக் கொடுத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் போட்டால் போதும் என்று ஒரு படத்தில் பார்த்தேன். ஐசி கேட்டை மேலே இழுக்கும், சரி. கீழே இறக்குவது யார்? அந்த 1 கிலோ ஓம் மட்டும்தான். ஐஆர்எஃப்740இன் கேட் ஒரு சின்னக் கண்டென்சர் மாதிரி, அந்த ரெசிஸ்டர் வழியாக அது காலியாகப் பல மைக்ரோசெகண்ட் ஆகிறது. நமக்கு மூடியிருக்கக் கிடைப்பதே மூன்று மைக்ரோசெகண்ட்தான். பாதி திறந்த கதவில் நின்றுகொண்டு மாஸ்ஃபெட் வேகும். அதற்கு வழி இது: இரண்டாம் காலிலிருந்து 1என்4148 டயோடு கேட்டுக்கு, கோட்டுப் பக்கம் கேட்டில். 2என்2907 என்ற பிஎன்பி டிரான்சிஸ்டரின் எமிட்டர் கேட்டில், கலெக்டர் கிரவுண்டில், பேஸ் இரண்டாம் காலில். 1 கிலோ ஓம் இரண்டாம் காலிலிருந்து கிரவுண்டுக்கு. இப்போது ஐசி கை விட்டதும் டிரான்சிஸ்டர் கேட்டைப் பிடித்துக் கீழே தள்ளும். இதைப் போட்ட பிறகு ஹீட்சிங்க் இல்லாமலேயே மாஸ்ஃபெட் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. 12 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட் யூஎஸ்பி கொடுக்க நினைக்காதீர்கள், அந்த கேட் முழுதாகத் திறக்கப் பத்து வோல்ட்டாவது வேண்டும்.

இனி 180ஐ 180ஆகவே பிடித்து வைக்கும் பகுதி. ஐந்தாம் கால் 1.25 வோல்ட்டைத் தேடும். அதற்கு மேல் போனால் ஐசி நிற்கும், குறைந்தால் ஓடும். 180 வோல்ட்டிலிருந்து ஐந்தாம் காலுக்கு இரண்டு 470 கிலோ ஓம் வரிசையாக. ஐந்திலிருந்து கிரவுண்டுக்கு 5.6 கிலோ ஓமும் 2 கிலோ ஓம் பிரீசெட்டும் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) வரிசையாக. பிரீசெட்டைத் திருப்பினால் சுமார் 156 முதல் 211 வோல்ட் வரை கிடைக்கும். மேலே ஒரே ஒரு 1 மெகா ஓம் போட்டால் கணக்கு சரியாக வரும்தான், ஆனால் சின்ன ரெசிஸ்டர் ஒன்று தனியாக 180 வோல்ட்டை வருடக்கணக்கில் தாங்குவதை நான் நம்பமாட்டேன்.

பிரீசெட் கீழ்ப் பக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு. பிரீசெட் என்றால் ஒருநாள் தூசி ஏறித் தொடர்பு விடும். கீழே இருந்து விட்டால் ஐந்தாம் கால் மேலே ஏறும், ஐசி நின்றுவிடும், கடிகாரம் அணையும், அவ்வளவுதான். மேலே இருந்து விட்டால்? ஐசிக்கு வோல்டேஜே தெரியாது, இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போகும். எனக்கு அதுதான் நடந்தது. மேல் ரெசிஸ்டரின் ஒரு காலில் டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத ஒட்டு. கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. அன்றைக்கு நான் போட்டிருந்தது 250 வோல்ட் கண்டென்சர். சுவிட்சைப் போட்டு மூன்று எண்ணுவதற்குள் "டப்" என்று தலை பிளந்து, மேஜை முழுக்கத் தாள் சுருளும் வாடையும். பக்கத்து அறையிலிருந்து அம்மா, "இன்னும் அந்த டிவியைத்தான் நோண்டுறியா?" என்றார். அன்றிலிருந்துதான் 400 வோல்ட் கண்டென்சர். அந்த இரண்டு 470 கிலோ ஓமின் நாலு காலையும் சால்டர் வைத்த பிறகு இடுக்கியால் இழுத்துப் பார்ப்பதும் அன்றிலிருந்துதான்.

சால்டர் இல்லாமல் செருகிக் கட்டும் பிரெட்போர்டில் இதைக் கட்டாதீர்கள். 2 ஆம்பியரை 50 ஆயிரம் தடவை வெட்டும் இடத்தில் அந்தத் தகட்டுப் பிடிப்பு சரிப்படாது. துளைத் துளையாக இருக்கும், சால்டர் வைக்கிற டாட் போர்டு எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் கண்டென்சர், காயில், மாஸ்ஃபெட் மூன்றையும் நெருக்கமாக வைத்து, மாஸ்ஃபெட் சோர்ஸிலிருந்து கண்டென்சர் கிரவுண்டுக்கு வெள்ளீயம் பூசிய தடித்த கம்பி ஓட்டுங்கள். ஐந்தாம் காலுக்கு வரும் கம்பியைக் காயிலிலிருந்து தள்ளி வையுங்கள். 180 வோல்ட் ஓடும் வரிசைக்கு இரு பக்கமும் ஒரு வரிசைத் துளையைக் காலியாக விடுங்கள், ஃபிளக்ஸ் கறையைத் தின்னர் போட்டுத் துடைத்துவிடுங்கள்.

முதல் முறை சுவிட்ச் போடும்போது குழாய்களைக் கட்ட வேண்டாம். டிவி கடையில் சீரியஸ் லேம்ப் இல்லாமல் எந்த செட்டுக்கும் கரண்ட் கொடுக்கமாட்டோம். இங்கேயும் அதேதான், பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை, 12 வோல்ட் 10 வாட், அடாப்டருக்கும் போர்டுக்கும் நடுவே வரிசையில் போடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டு பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒரு நொடி மினுங்கி அடங்கினால் நல்ல சகுனம். மீட்டரை 600 அல்லது 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்து, கறுப்பு முனையை கிளிப் போட்டு கிரவுண்டில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் பிடித்துத் தொடுங்கள். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் இதற்காகக் கையில் ஸ்கேலால் அடித்திருக்கிறார். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

மீட்டர் 11 வோல்ட் சொச்சம் காட்டி நின்றால் ஐசி ஓடவில்லை. அது காயிலும் டயோடும் வழியாக வரும் உங்கள் 12 வோல்ட்தான். மூன்றாம் கால் கண்டென்சரையும் கேட் இணைப்பையும் பாருங்கள். 60, 80 என்று தத்தளித்து மாஸ்ஃபெட் சுட்டால் அந்த பிஎன்பி டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியிருக்கும். 180 வந்தால் பல்பை எடுத்துவிட்டு 12 கிலோ ஓம் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டரை லோடாகக் கட்டுங்கள். 15 மில்லிஆம்பியர் இழுக்கும், ஆறு குழாய்க்கு ஏறக்குறையச் சமம். லோடுக்கு ஜீரோ வாட் பல்பு போடலாமே என்று எனக்கும் தோன்றியது. அது குளிர்ந்திருக்கும்போது கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி, சப்ளை எழவே எழாது. லோடில் வோல்டேஜ் விழுந்தால் காயில், டயோடு, 0.15 ஓம், இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 12 வோல்ட் பக்கம் சுமார் 0.3 ஆம்பியர் ஓடும்.

சூடு பார்க்கிறேன் என்று ஓடும்போது மாஸ்ஃபெட்டின் உலோக முதுகைத் தொட்டுவிடாதீர்கள். அது டிரெயின், முழு வோல்டேஜும் அங்கே துள்ளிக்கொண்டிருக்கிறது. நான் தொட்டேன். சித்திரை மாதம், கை வியர்வை. முழங்கை வரை உதறியது. இத்தனை வருஷ அனுபவம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் உடனே கை வைக்கக் கூடாது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியதும் குழாய்கள் அணைந்துவிடும், கண்டென்சரில் நூறுக்கு மேல் அப்படியே நிற்கும். மேலே போட்ட 940 கிலோ ஓம்தான் அதை மெல்ல வடிக்கும், 50க்குக் கீழே வர ஆறு விநாடி ஆகும். நான் பத்து எண்ணுவேன், அப்புறமும் மீட்டரில் பார்ப்பேன்.

குழாய்களை ஓட்ட அக்கா மகன், எந்த எண் எரிய வேண்டுமோ அந்தக் கம்பியை கிரவுண்டில் சேர்க்கும் கே155ஐடி1 ஐசிகளும், புரோகிராம் எழுதி ஏற்றும் ஆர்டுயினோ போர்டு ஒன்றும் வைத்திருந்தான். அவன் பாகத்தில் நான் தலையிடவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: 180 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே கிரவுண்டில் நிற்பவை. புரோகிராம் ஏற்ற லேப்டாப்பைச் செருகும்போது ஹை வோல்டேஜை அணைத்துவிடுங்கள். அவன் மீட்டர் முனை ஒருமுறை வழுக்கி ஆனோடிலிருந்து பக்கத்துப் பின்னைத் தொட்டது. ஆர்டுயினோ அங்கேயே முடிந்தது. நல்லவேளை, யூஎஸ்பி அப்போது கழன்று கிடந்தது.

ஓடத் தொடங்கிய இரண்டாம் இரவு அம்மா, "எங்கேயோ வண்டு கத்துது" என்றார். வண்டு இல்லை, காயில். 180 எட்டியதும் ஐசி விட்டு விட்டுத் தள்ளுவதால் காயிலின் சுற்று அதிர்ந்து சீட்டி அடிக்கும். சுற்றின் மேல் வார்னிஷ் விட்டு ஒரு நாள் உலர வைத்தேன், சத்தம் முக்கால்வாசி அடங்கியது. மீதியைக் கடிகாரத்தின் தேக்குப் பெட்டி விழுங்கிக்கொண்டது.

பெட்டியை மூடும் முன் ஆறு குழாயும் எரிய ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒரு 15 கிலோ ஓமின் குறுக்கே அளந்து பாருங்கள். 40 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். எண்ணின் ஒரு பாதி மட்டும் ஒளிர்ந்தால் கரண்ட் போதவில்லை, பிரீசெட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பளிச்சென்று இருக்கட்டும் என்று அதிகம் ஏற்றினால் கம்பி தேய்ந்து குழாயின் ஆயுள் குறையும். எனக்கு 178இல் ஆறும் சீராக நின்றன. அக்கா பெண்ணின் நெயில் பாலிஷை வாங்கி பிரீசெட்டின் தலையில் ஒரு சொட்டு வைத்தேன்.